தேரிக்குள் கிடக்கும் சாரட்டுத் தடம்

புலப்படத்தில் இரட்டைக் கோடாக வரைந்து, நடுவே 'வண்டிப் பாதை' என்று பொடி எழுத்தில் குறித்திருந்த ஓர் ஒடுங்கிய நிலத்துண்டைத் தேடித்தான் நான் முதன்முதலில் அந்தத் தேரிக்குள் நடந்தேன். நில அளவைத் துறையில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது ஆண்டு அது. இரண்டு குடும்பங்களுக்கு இடையே எழுந்த எல்லைத் தகராறு ஒன்றைத் தீர்க்க, அந்தப் பாதையின் ஓரத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து அளவைச் சங்கிலி பிடிக்க வேண்டியிருந்தது. படத்தில் பாதை தெளிவாக இருந்தது. கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டிலும் அது புறம்போக்கு என்று பதிவாகியிருந்தது. நிலத்தில் மட்டும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்மணலும் பனையும் உடைமரமும் தவிர வேறொன்றும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், பதநீர்க் கலயங்களைத் தோளில் சுமந்துகொண்டு வந்த வயதான பனையேறி ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். நான் தேடுவதைச் சொன்னதும் அவர் காலால் மணலைத் தட்டிக் காட்டினார்.

"தம்பி, நீங்க நிக்கிற இடத்துக்குக் கீழதான் சாரட்டுத் தடம் கெடக்கு. ஆடியில வாங்க. காத்து தூத்துட்டுப் போவும், அப்பத் தெரியும்."

அந்த ஆடியிலேயே போனேன். அவர் சொன்னபடியே, இரண்டு மணல்மேடுகளுக்கு இடையில் ஏறக்குறைய நாற்பது அடி நீளத்துக்குக் காற்று மணலை வழித்தெடுத்திருந்தது. அடியில் வெளிறிய சாம்பல் நிறத்தில், வெடிப்பு விட்ட, கையால் குத்தினால் இறங்காத கெட்டித் தரை ஒன்று கிடந்தது. தகராறு அதை வைத்துத் தீர்ந்தது. ஆனால் அந்தத் தரை என் மனத்தை விட்டு நீங்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, கடந்த நான்கு ஆண்டுகளாக ஒவ்வோர் ஆடியிலும் அங்கே போய், தேரியின் விளிம்பிலிருந்து கடலோரம் வரை அந்தத் தடத்தைத் துண்டு துண்டாக அளந்து வருகிறேன். அந்த வேலையில் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன். ஊரின் பெயரை மட்டும் வேண்டுமென்றே விடுகிறேன். பழைய இரும்புக்காகவும் கல்லுக்காகவும் எவரேனும் மண்வெட்டியுடன் போய்விடக் கூடாது என்ற கவலைதான் காரணம். திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையிலான கடலோரப் பனங்காட்டில் அது இருக்கிறது என்ற அளவு போதும்.

தேரியை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். பழைய திருநெல்வேலிச் சீமையின் கடலோரத்தில், இன்றைய தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில், கடலிலிருந்து சற்று உள்வாங்கிக் கிடக்கும் செம்மணல் மேடுகளைத்தான் தேரி என்கிறோம். குதிரைமொழித் தேரி அவற்றில் பெயர் பெற்றது. மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு உண்டாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் வறண்டு, பாய்ந்து வரும்போது அந்த மணல் இடம்பெயரும். நேற்று மேடாக இருந்த இடம் நாளை பள்ளமாகும். பெய்யும் மழையெல்லாம் உடனே மணலுக்குள் இறங்கிவிடுவதால் மேற்பரப்பில் ஓடை ஓடாது. இறங்கிய நீர் தேரியின் அடிவாரத்தில் சுனையாகக் கசியும்; அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனவர்கள் அந்தச் சுனையைப் பார்த்திருப்பார்கள். இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும் மண்ணில் பாதை போடுவது எளிய காரியம் அன்று. போட்ட பாதையைக் காப்பது அதைவிடக் கடினம்.

ஆகவே இந்தத் தடத்தைப் பொறுத்தவரை, அதன் வழியை மண் காட்டுவதில்லை, மரங்கள்தாம் காட்டுகின்றன. எங்கள் பக்கத்தில் வயல் எல்லையிலும் தோட்ட எல்லையிலும் பனையை வரிசையாக நடுவது வழக்கம் என்பதால், ஒரு வரிசைப் பனையைக் கண்டதும் அது பாதையோரம் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் இரண்டு வரிசைகள், ஒன்றுக்கொன்று இணையாக, இடையில் 24 அடி விட்டு, மேடு வரும் இடத்தில் இரண்டும் சேர்ந்தே வளைந்து, மேடு கடந்ததும் இரண்டும் சேர்ந்தே பழைய திசைக்குத் திரும்பினால் அது எல்லைக் கோடாக இருக்க வாய்ப்பில்லை. எல்லைக் கோடு மேட்டுக்கு அஞ்சி வளையாது, வண்டிதான் வளையும். பல இடங்களில் மரம் செத்து, தூர் மட்டும் மணலில் வட்டமாகத் தெரிகிறது. அந்தத் தூர்களையும் சேர்த்துக் குறித்தபோது வரிசை முழுமையாகக் கிடைத்தது.

மேற்குப் பக்கத்து வரிசைக்கு அப்பால் இன்னொன்றும் இருக்கிறது. அதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எளிதில் சொல்ல இயலாது. குடை விரித்தாற்போல நிற்கும் பழைய உடைமரங்கள், ஒழுங்கான இடைவெளியில், மேற்கே மட்டும் நிற்கின்றன; கிழக்கே அப்படி ஒரு வரிசையே இல்லை. தானாக முளைத்தவை என்றால் இரு பக்கமும் முளைத்திருக்க வேண்டும். காற்று மேற்கிலிருந்து மணலைக் கொண்டுவருகிறது. அதைத் தடுத்து நிறுத்தத்தான் யாரோ மேற்கே மட்டும் உடையை நட்டிருக்கிறார்கள். பாதையைப் போட்டவர் தேரியின் குணத்தை நன்றாக அறிந்தவர், அல்லது அறிந்தவர்களைக் கேட்டுச் செய்தவர். ஆடிக் காற்றில் அந்த மரங்களின் மேற்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மணல் குவிந்து நிற்பதையும், கிழக்குப் பக்கத்தில் முழங்கால் அளவுகூட இல்லாததையும் இன்றும் பார்க்கலாம். நட்டவர்கள் போய், பாதையில் நடந்தவர்களும் போன பிறகு, அந்த மரங்கள் மட்டும் இட்ட வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

கெட்டித் தரையின் அமைப்பை ஓர் இடத்தில் குறுக்கு வெட்டாகவே பார்க்க முடிந்தது. தேரியின் கீழ் விளிம்பில், பழைய குளம் ஒன்றின் மறுகால் தண்ணீர் ஒரு பெருமழைக் காலத்தில் பாதையை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அறுபட்ட கரையில், கீழே செம்மணல். அதன்மேல் கருத்து மக்கிய, நார் நாராகப் பிரியும் ஒரு மெல்லிய படலம். அதற்குமேல் முக்கால் அடி கனத்துக்குக் குளத்துக் கரம்பை, அதாவது களிமண். உச்சியில் சரளும் உடைந்த சிப்பியும் கலந்த இரண்டு விரற்கடை கனமுள்ள மேற்பூச்சு. நடுவே இருந்த அந்த நார்ப் படலத்தைக் கையில் எடுத்து நொறுக்கிப் பார்த்தபோது பனையோலையின் ஈர்க்கு அடையாளம் தெரிந்தது. மணலில் வண்டி சிக்கினால் சக்கரத்துக்கு முன்னால் ஓலையை வெட்டிப் போட்டு ஏற்றுவதை என் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். இங்கே அதையே முறைப்படுத்தி, முதலில் ஓலையைப் பரப்பி, அது மணலுக்கும் களிமண்ணுக்கும் இடையில் பாயாக நின்று, களிமண் மணலுக்குள் புதைந்து போகாதபடி தாங்குமாறு செய்திருக்கிறார்கள். இன்றைய சாலைப் பொறியாளர்கள் அதே இடத்தில் செயற்கை இழைத் துணியை விரிக்கிறார்கள்.

இந்தத் தரை ஏன் வேண்டியிருந்தது என்பதை மாட்டு வண்டிச் சக்கரத்தை வைத்தே விளக்கலாம். குடம், ஆரக்கால், வட்டை என்று மரத்தால் சக்கரத்தைச் சேர்த்து முடித்ததும், அதன் சுற்றளவைவிடச் சிறிது குறைவான இரும்புப் பட்டாவை வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சுவார்கள். காய்ந்து விரிந்த பட்டாவைக் குறட்டால் தூக்கி வட்டையின் மேல் மாட்டி, உடனே தண்ணீரை ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது மரத்தின் மூட்டுகள் எல்லாம் இறுகி ஒன்றாகும். பட்டா அகலம் இரண்டு அங்குலத்துக்குள்தான் இருக்கும். ஏற்றிய பாரம் முழுவதும் அந்த இரண்டு அங்குலத்தின் வழியாகத் தரைக்குள் இறங்குவதால், உலர்ந்த மணலில் அது கத்தி போலப் பதியும். சாரட்டின் சக்கரம் இன்னும் மெல்லியது; அதை இழுக்கும் குதிரையும் மணலில் காளையைப் போல நிதானமாக ஊன்றி இழுக்காது. வில்வண்டியும் சாரட்டும் இந்தப் பனங்காட்டின் ஊடாகப் போக வேண்டுமானால், அடியில் கெட்டித் தரை இல்லாமல் முடியாது.

கடலை நெருங்கும்போது தேரி முடிந்து, சுண்ணாம்புச் சத்துள்ள மணற்பாறை தலை காட்டுகிறது. திருச்செந்தூரில் வள்ளி குகையைக் குடைந்திருக்கும் பாறையின் வகைதான் இது. அந்தப் பாறையின் மேல் களிமண் பரப்பத் தேவையில்லை என்பதால் வண்டிகள் நேரே கல்லின் மேலேயே ஓடியிருக்கின்றன. அங்கே இரண்டு பள்ளக் கோடுகள் 30 அடி நீளத்துக்குத் தெளிவாகப் பதிந்துள்ளன. பள்ளத்தின் நடுவிலிருந்து மறுபள்ளத்தின் நடு வரை அளந்தால் 4 அடி 6 அங்குலம். ஆழம் ஓர் இடத்தில் ஒரு சாண். இரும்புப் பட்டா ஒருமுறை உருளும்போது பாறையின் ஒரு மணல் துகளைப் பெயர்த்திருக்கும். ஒரு சாண் ஆழம் விழ எத்தனை ஆயிரம் முறை அது உருண்டிருக்க வேண்டும் என்று எண்ணியபடி அந்தப் பாறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு செய்தி இன்னும் முக்கியமானது. கடலை நோக்கிப் போகும்போது இடப்பக்கத்துப் பள்ளமும் வலப்பக்கத்துப் பள்ளமும் ஒரே ஆழத்தில் இல்லை. பாறை சற்றுச் சாய்ந்திருப்பதால் தாழ்ந்த பக்கத்தில் பாரம் அதிகம் விழுந்து, அந்தப் பள்ளம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டிகளும் இதில் மிகுதியாகப் போயிருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. சாரட்டுத் தடம் என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், அதில் கருப்பட்டிச் சிப்பங்களும் உப்பும் கருவாடும் போன வண்டிகளே அதிகம் என்பது என் துணிபு.

மறுகால் ஓடையின் மேல் ஒரு சிறு வளைவுப் பாலம் இருந்திருக்கிறது. இப்போது எஞ்சியிருப்பது ஒரு பக்கத்து அடிச்சுவரும், வளைவு தொடங்கும் இடத்தில் ஏழெட்டுச் செங்கல் வரிசைகளும் மட்டுமே. செங்கல் மெல்லியது. சாந்தில் வேகாத சிப்பித் துண்டுகள் அப்படியே பதிந்து வெள்ளையாகத் தெரிகின்றன. கடலோரத்தில் சிப்பியைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள் என்பதால் அதில் வியப்பில்லை. சாந்தில் கருப்பட்டிக் கரைசலும் கடுக்காய் நீரும் சேர்த்து அரைப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். அந்தச் சாந்தை ஆணியால் கீறிப் பார்த்தேன், கீறல் விழவில்லை. அதே ஓடையில் மிகப் பின்னால் போட்ட சிமெண்டுக் குழாய் ஒன்று உடைந்து பத்தடி தள்ளிக் கிடக்கிறது.

பாலத்திலிருந்து வடக்கே சில சங்கிலி தூரத்தில், முள்ளுக்குள் சாய்ந்து கிடந்த ஒரு கல்லை முதல் இரண்டு ஆண்டுகள் நான் சர்வே கல் என்றே எண்ணிக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். என் தொழிலுக்கு அது இழுக்குத்தான். மூன்றாம் ஆண்டில் கல்லைச் சுற்றியிருந்த முள்ளை வெட்டிவிட்டுத் துடைத்தபோது, சர்வே கல்லில் இருக்கும் அம்புக்குறி அதில் இல்லை. அதற்குப் பதிலாக '௩' என்ற தமிழ் எண் ஆழமாக வெட்டப்பட்டிருந்தது. அது மைல்கல். எங்கிருந்து எண்ணிய மூன்றாவது மைல் என்று பார்க்க, வரைபடத்தில் தடத்தின் போக்கிலேயே பின்னோக்கி அளந்தேன். மூன்று மைல் தொலைவில் வந்து நின்ற இடம், இன்றும் வாரச் சந்தை கூடும் ஊர். சந்தையிலிருந்து கடலுக்கு என்பதுதான் அந்தப் பாதையின் கணக்கு.

மைல்கல்லுக்கு அருகில் சுமைதாங்கி ஒன்றும் உண்டு. இரண்டு நெடுங்கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி, தலைச்சுமையோடு வருபவர் எவர் துணையும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறிவிட்டு, மறுபடி தலைக்கு மாற்றிக்கொள்ளுமாறு அமைத்தது. பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைக்கும் வழக்கம் தமிழ்நாடு முழுவதும் இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளின் ஆன்மா, பிறர் சுமை இறங்குவதைக் கண்டு ஆறுதல் அடையும் என்பது அதன் உட்பொருள். இந்தக் கல்லில் எழுத்து இல்லை. ஆனால் மேற்கல்லின் நடுப்பகுதி, சுமைகள் வைத்து வைத்து, அம்மியைப் போல மழமழப்பாகத் தேய்ந்திருக்கிறது. வண்டியில் போனவர்கள் மட்டுமல்ல, தலையில் சுமந்து நடந்தவர்களும் இதே தடத்தில் போனார்கள். நம் பக்கத்தில் மீன் கூடையைச் சுமந்து ஊர் ஊராக நடந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆகவே அந்தக் கல்லின் மழமழப்பைத் தடவிப் பார்க்கும்போது என் எண்ணம் சாரட்டில் போனவர்கள் பக்கம் போவதில்லை.

தரை மேல் கிடக்கும் சிறு பொருள்களை நான் எடுப்பதில்லை. இருந்த இடத்திலேயே படம் பிடித்து, தூரத்தை அளந்து குறித்துக்கொள்கிறேன். இதுவரை குறித்தவற்றில் அதிகம் லாடம்தான். மாட்டின் குளம்பு பிளவுபட்டது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு லாடம் அடிக்க வேண்டும். அரைப் பிறை போன்ற அந்தச் சிறு தகடுகள் ஆணித் துளைகளோடு அங்கங்கே கிடக்கின்றன. குதிரை லாடம் முழு வளைவாக, ஒரே துண்டாக இருக்கும். அது இரண்டே இரண்டுதான் கண்ணில் பட்டது. மேட்டில் ஏறும் இடத்தில் மாட்டு லாடங்கள் நெருக்கமாகக் கிடக்கின்றன. காளை முன்னங்காலை ஊன்றித் திமிறி இழுக்கும் இடத்தில்தான் லாடம் கழன்று விழும். மேட்டின் உச்சியில் ஒரு கடையாணி, துருவேறிப் பாதியாகித் தேய்ந்து கிடந்தது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். அந்த வண்டி அன்று எப்படி இறக்கத்தைக் கடந்ததோ.

தொல்லியல் என்றதும் நம் மாவட்டத்தில் அனைவரும் ஆதிச்சநல்லூரைச் சொல்வோம், சொல்வதும் நியாயமே. 1876இல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டியதும், பின்னர் அலெக்சாண்டர் ரியா விரிவாக அகழ்ந்ததும், சிவகளையும் கொற்கையும் இப்போது பெறும் கவனமும் நமக்குப் பெருமை தருபவை. கொற்கையிலும் பழைய காயலிலும் கால்டுவெல் ஆராய்ந்ததை இடையன்குடிப் பக்கத்து மக்கள் இன்றும் சொல்வார்கள். தேரியும் தொல்லியலுக்குப் புதிதன்று. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் அல்சினும் 1956இல் விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். விரல் நகம் அளவே உள்ள, செம்மண் சாயம் ஏறிய அந்தக் கற்சில்லுகளைச் செய்தவர்கள், கடல் மட்டம் வேறாக இருந்த காலத்தில் இந்த மேடுகளில் வாழ்ந்தவர்கள். அவ்வளவு பழமையை வைத்துக்கொண்டு, நூறோ நூற்றைம்பதோ ஆண்டுகள் பழகிய ஒரு வண்டித்தடத்தைப் பற்றி எழுதலாமா என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் குறைந்தது 100 ஆண்டு பழமையைத்தான் கேட்கிறது என்று அவருக்குப் பதில் சொன்னேன். ஆனால் என் உண்மையான பதில் வேறு. ஆதிச்சநல்லூரில் கிடைத்தது போன்ற முதுமக்கள் தாழி ஒருவரின் சாவைச் சொல்கிறது. பாதையோ, பிழைப்புக்காகத் தினமும் போய் வந்த ஆயிரம் பேரின் நடையைச் சொல்கிறது. இரண்டையும் படிக்கத் தெரிந்தால்தான் ஓர் ஊரின் கதை நிரம்பும்.

இங்கிலாந்தின் மேற்குக் கடற்கரையில் இப்படிப்பட்ட பழைய சாரட்டுப் பாதைகளை எவ்வளவு பொறுப்போடு பேணுகிறார்கள் என்பதைப் படித்தபோதுதான் எனக்கு இந்த அளவை வேலைக்கு ஊக்கம் வந்தது. டெவன் பகுதியில் குளோவெல்லி என்ற கடலோரச் சிற்றூருக்கு அருகே, செங்குத்தான காட்டுச் சரிவில், சர் ஜேம்ஸ் ஹாம்லின் வில்லியம்ஸ் என்ற நிலக்கிழார் 1811 முதல் 1829 வரை சிறிது சிறிதாக வெட்டிய பாதை சுமார் மூன்று மைல் நீளம் உடையது. 'ஹாபி டிரைவ்' என்று அதற்குப் பெயர். விருந்தினரைச் சாரட்டில் ஏற்றி, மர இடுக்குகளின் வழியே கடலைக் காட்டிக்கொண்டு போவதே அதன் நோக்கம். சாமர்செட் கடற்கரையில் ஆஷ்லி கூம்ப் என்ற பண்ணை வீட்டைச் சுற்றி, லவ்லேஸ் பிரபு காட்டுக்குள் சாரட்டுப் பாதைகளும் சுரங்க வழிகளும் அமைத்தார். கணினியின் முன்னோடியாகப் போற்றப்படும் ஏடா லவ்லேஸ் அவருடைய மனைவி. வீடு இடிக்கப்பட்டுப் போய்விட்டது. சுரங்க வழிகளும் தாங்கு சுவர்களும் காட்டுக்குள் எஞ்சி நிற்கின்றன, நடைப்பயணிகள் அவற்றைக் கடந்து போகிறார்கள். அங்கே காட்டைக் காண்பதற்காகக் காட்டுக்குள் பாதை போட்டார்கள். இங்கே காட்டைக் கடப்பதற்காகப் போட்டார்கள். அங்கே தாங்கு சுவர் சரிவைத் தடுக்கிறது. இங்கே உடைமரம் மணலைத் தடுக்கிறது. பிழைப்புக்குப் போட்ட நம் பாதை அந்த உல்லாசப் பாதைகளைவிட எந்த வகையிலும் குறைந்த கவனத்துக்கு உரியதாக எனக்குத் தோன்றவில்லை.

தடத்தின் பயன் எப்படிக் குறைந்தது என்பதற்குத் தரையிலேயே விடை இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி, குலசேகரன்பட்டினத்தில் இருந்த சர்க்கரை ஆலைக்காக பாரி நிறுவனம் திருச்செந்தூரிலிருந்து திசையன்விளை வரை ஒரு குறுகிய இருப்புப்பாதை போட்டது. பனங்காட்டின் ஊடே அந்தச் சிறு ரயில் ஓடியதை என் பாட்டி அடிக்கடி சொல்வார். ரயிலுக்குப் பின் லாரி வந்தது. தார்ச் சாலை வேறு வழியில் போனது. வண்டி வராத பாதையில் ஆண்டுதோறும் மணலை ஒதுக்கிவிட யாரும் வரவில்லை. இப்போது அங்கே பெருந்தொல்லையாக இருப்பது சீமைக் கருவேலம் எனப்படும் சீமை உடைதான். அதன் வேர் கரம்பைத் தரையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, தரையைப் பாளம் பாளமாகப் பெயர்த்து எறிகிறது. நம் நாட்டு உடை ஒருபோதும் செய்யாத வேலை அது. இன்னொரு பக்கம், கொல்லா மரக் (முந்திரி) கன்று வைப்பதற்காகக் குழி தோண்டிய இயந்திரம் ஒன்று பனை வரிசையில் ஒன்பது மரங்களைத் தூரோடு பெயர்த்துவிட்டது. அதை ஓட்டியவருக்கு அங்கே ஒரு பாதை கிடப்பது தெரிந்திருக்க வழியில்லை; யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆகவே இந்த ஆண்டு முதல் வேலையாக, இதுவரை அளந்த தடம் நெடுக உள்ள ஒவ்வொரு பனையையும் தூரையும், மைல்கல், சுமைதாங்கி, பாலத்தின் அடிச்சுவர், பாறைப் பள்ளம் ஆகியவற்றையும் புல எண் வாரியாக ஒரே வரைபடத்தில் குறித்திருக்கிறேன். வருவாய்க் கணக்கில் அது இன்றும் வண்டிப் பாதைப் புறம்போக்குதான் என்பதால், யாருடைய பட்டாவிலும் கை வைக்காமல் அதைக் காக்க இடமிருக்கிறது. புதிதாக ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. சீமை உடையை வெட்டி, மைல்கல்லை நிமிர்த்தி வைத்து, பாறைப் பள்ளத்தின் மேல் டிராக்டர் ஏறாதபடி இரண்டு கல் நட்டால் போதும். வரைபடத்தின் ஒரு படியை ஊராட்சியிலும் ஒரு படியைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் கொடுத்திருக்கிறேன். பக்கத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் சென்ற ஆடியில் என்னோடு வந்து சங்கிலி பிடித்தார்கள். ஒரு சங்கிலிக்கு நூறு கண்ணி, எண்பது சங்கிலி ஒரு மைல் என்று நான் சொன்னதை அவர்கள் அங்கேயே மணலில் கணக்குப் போட்டுச் சரிபார்த்தார்கள்.

முதன்முதலில் எனக்குத் தடத்தைக் காட்டிய அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய பேரன் அதே பனைகளில் சிலவற்றில் ஏறுகிறார். போன முறை என்னைக் கண்டதும், "அண்ணாச்சி, வடக்க மொக்குல ரெண்டு மேட்டுக்கு நடுவுல வெள்ளையாத் தெரியுது, நீங்க இன்னும் பாக்கல" என்று சொல்லிக் கைகாட்டினார். மொத்தம் 240 சங்கிலியில் 207 சங்கிலியை அளந்து முடித்திருக்கிறேன். மீதி 33 சங்கிலியும் அந்த வடக்கு மேட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. வருகிற ஆடிக்குப் பேரனும் பிள்ளைகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.